பாடும் கல்லைத் தேடி
(மேச்சேரியிலிருந்து தாரமங்கலம் வரை)

சேலம் ஜில்லாவில் மேச்சேரி என்று ஓர் ஊர் இருப்பது ஆட்டு வியாபாரிகளுக்கும் பத்திரகாளி அம்மனின் பக்தர்களுக்கும் நன்றாகத் தெரியும். உல்லாசப் பிரயாணிகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஓமலூர் மார்க்கமாக மேட்டூர் அணையைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் மோட்டார் வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் சொற்பம். 1934-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட அந்த அணையின் பதினாறு கண் மதகில் தண்ணீர் விழும் பேரொலியைக் கேட்க வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. வழியில் இருக்கும் சிறு ஒலிகளைக் கேட்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

மேச்சேரிக்கு என்று சில ஒலிகள் உண்டு. மேய்ச்சலிலிருந்து திரும்பும் மந்தையின் மணியோசை ஒன்று. மேச்சேரி ஆடு என்றே ஓர் இனம் உண்டு. வெளிர் பழுப்பு நிறம், குட்டையான ரோமம், வெயிலுக்கு அஞ்சாத உடம்பு. பக்கத்துப் பொட்டனேரியில் அந்த இனத்துக்கென்றே சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நடக்கிறது. மாசி மாதத்துத் திருவிழாவில் அம்மன் சந்நிதியில் அதிரும் மேளம் இன்னொன்று. கல் பட்டறைகளில் உளி விழும் ‘ணங், ணங்’ என்ற சப்தம் மூன்றாவது. இந்த மூன்றாவது ஒலிதான் எங்களை இந்தப் பிரயாணத்துக்குக் கிளப்பிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஒலியைப் பற்றிய பாடம் நடந்தது. வெண்கலம் ஏன் கணீரென்கிறது, மரம் ஏன் மந்தமாக ஒலிக்கிறது என்றெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “சார், எங்கப்பா கல் வேலை செய்யறாருங்க. நல்ல கல்லுன்னா மணி மாதிரி பேசும்னு சொல்லுவாருங்க. புஸ்தகத்துல கல்லைப் பத்தி ஒண்ணுமே இல்லீங்களே?” என்றான்.

பையன் கேட்டது நியாயந்தானே? தமிழ்நாட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லைப் பாட வைத்த சிற்பிகளுக்கும் ஒரு காலத்தில் பஞ்சமில்லை. அப்படியிருக்க, அந்த விஷயத்தைப் பாடப் புஸ்தகத்துக்கு வெளியே போய்த்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே, ஆசிரியர்கள் மூவரும் மாணவர்கள் 12 பேரும் ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். ஓமலூருக்குப் போய், அங்கிருந்து தாரமங்கலம். முதலில் தாரமங்கலத்துக்குப் போனதற்குக் காரணம் எளியது. சேலம் ஜில்லாக் கருங்கல்லின் சக்தி என்ன என்பதைக் கண்ணால் காண அதைவிட நல்ல இடம் பக்கத்தில் வேறு கிடையாது.

தாரமங்கலம் நெசவாளர்களின் ஊர். தெருவில் நடக்கும்போதே தறியோசை நம்முடன் கூட வருகிறது. அந்த ஓசை பின்தங்கிப் போகும் இடத்தில் கைலாசநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரம் எழுந்து நிற்கிறது. மேற்கு நோக்கிய சந்நிதி. கோபுரத்தின் அடித்தளத்தைப் பார்த்தால், யானைகளும் குதிரைகளும் பூட்டி இழுக்கும் தேர் ஒன்று தெருவில் வந்து நின்றுவிட்டதைப் போல் இருக்கிறது. இந்தச் சீமையைப் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆண்டுவந்த கெட்டி முதலியார்கள் எடுப்பித்த திருப்பணி இது.

அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, “இன்னின்ன வேலைகள் நீங்கலாக” என்று ஒரு நிபந்தனை போடுவார்களாம். ஆவுடையார் கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி முதலியவற்றோடு தாரமங்கலத்து வேலையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துச் சொல்வதுண்டு. அவற்றைப் போல் எங்களால் செய்ய முடியாது என்று தொழில் தெரிந்தவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள் என்றால், அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் ஒரு சிற்பிக்கு ஏது?

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பையன்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் பொருதுகிறார்கள். தள்ளி இன்னொரு தூணில் இராமன் வில்லோடு நிற்கிறான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரிவதில்லை. மறைந்து நின்று அம்பு எய்த கதையை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டான் அந்தச் சிற்பி. அண்ணாந்து பார்த்தால் ஒரே கல்லில் குடைந்த சங்கிலி. வளையத்துக்குள் வளையமாகத் தொங்குகிறது. அப்பால் சிங்கமொன்று வாயைத் திறந்து நிற்கிறது. அதன் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டு உருட்டினால் உருளுகிறது. வெளியே எடுக்கப் பார்த்தால் பற்கள் தடுக்கின்றன. உருண்டையைத் தனியாகச் செய்து உள்ளே வைத்திருக்க முடியாது. சிங்கத்தின் வாய்க்குள்ளேயே, இருக்கிற கல்லையே குடைந்து உருட்டியிருக்க வேண்டும். ஒரு தட்டுத் தவறியிருந்தால் உருண்டை உடைந்திருக்கும். அல்லது பல் போயிருக்கும். முழுத் தூணும் வீண்.

கல் வேலைக்காரர் மகனான அந்தப் பையன் உருண்டையை மெல்ல உருட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டான். கடகடவென்ற ஒரு சிறு சப்தம். “கல்லு உள்ளே விரிசல் இல்லீங்க சார்” என்று தீர்ப்புச் சொன்னான்.

இந்தத் தீர்ப்பில்தான் நமது விஷயத்தின் திறவுகோல் இருக்கிறது. சிற்பி கல்லைத் தேர்ந்தெடுப்பது முதலில் காதினால். கண் அதற்குப் பிறகுதான். சிற்ப சாஸ்திர மரபில் கல்லுக்கு ஆண், பெண், நபும்சகம் என்று மூன்று ஜாதி சொல்வார்கள். தட்டினால் மணியைப் போல் கம்பீரமாக ஒலிப்பது ஆண் கல். தாளத்தைப் போல் மென்மையாக ஒலிப்பது பெண் கல். ஓசையே இல்லாமல் மொத்தென்பது மூன்றாம் வகை. மூர்த்திகளை முதலிரண்டு வகையிலே செய்வார்கள். ஓசையற்றது சிலைக்கு உதவாது. இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. கருங்கல்லில் மணிமணியான தாதுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. எங்கும் முறிவில்லையானால் அதிர்ச்சி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடையின்றி ஓடித் திரும்புகிறது, கல் கணீரென்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தாலும் அதிர்ச்சி அங்கே செத்துவிடுகிறது. உடைந்த பானையைத் தட்டிப் பார்த்து வேண்டாமென்று சொல்லும் நம் பாட்டிமார்கள் செய்வதும் இதே பரிசோதனைதான்.

இப்படிக் காதால் கல்லைப் பரீட்சித்துப் பழகியவர்களுக்கு, என்றோ ஒரு நாள், “இந்த ஓசையையே சிற்பமாக்கினால் என்ன?” என்று தோன்றியிருக்க வேண்டும். அதன் பலனை மற்றத் தலங்களில் காண்கிறோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்தருகே ஐந்து இசைத் தூண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 22 மெல்லிய கால்கள் கொண்டது, ஒரே கல்லில் குடைந்தது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள் கொத்தாக நிற்கின்றன. சுசீந்திரத்தில் இருக்கின்றன, ஹம்பியின் விட்டலர் கோயிலில் இருக்கின்றன. கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலில் கல்லில் செய்த நாதஸ்வரமே உண்டு. இரண்டாம் இராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் கோயிலில், திறந்த வெளியில், பலிபீடத்தின் படிகளே தட்டினால் வெவ்வேறு ஸ்வரமாக ஒலிப்பவை. வானத்தின் கீழே, வருவோர் போவோர் எல்லாரும் கேட்கும்படி வைத்த ஒலிச் சிற்பம் என்று அவற்றைச் சொன்னால் மிகையாகாது.

இவை எப்படிப் பாடுகின்றன? தூண் உள்ளே குழாயைப் போல் பொள்ளலானது என்று வெகு காலமாக ஒரு பேச்சு உண்டு. ஹம்பியில் வெள்ளைக்காரர்கள் சில கால்களை அறுத்துப் பார்த்தார்கள் என்றுகூட வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், கல்லுக்கு ஒரு கீறலும் விழாமல், மிக நுண்ணிய ஒலியலைகளைச் செலுத்தி அந்தத் தூண்களைப் பரிசோதித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தூண்கள் கெட்டியானவைதாம், தட்டும்போது கால் வில்லைப் போல் இப்புறமும் அப்புறமும் வளைந்து அதிர்வதே நாம் கேட்கும் ஸ்வரம் என்று தெரிந்தது.

வளைந்து அதிரும் கல்லுக்கு ஒரு கணக்கு உண்டு. நீளமும் கல்லும் மாறாதிருக்க, கனம் கூடினால் அதே விகிதத்தில் சுருதி ஏறும். ஒரு கால் நான்கு அங்குல கனத்தில் ‘ஸ’ என்று பேசினால், நான்கரை அங்குலக் கால் ‘ரி’ என்று பேசும். ஆறு அங்குலக் கால் பஞ்சமம் பேசும். நீளத்தின் கணக்கு இதைவிடக் கடுமை. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு நான்கு மடங்காகும். அதாவது இரண்டு ஸ்தாயி மேலே போய்விடும். இது பலகையில் எழுதும் கணக்கு. கல்லோ உளி பட்டால் குறையுமே தவிரக் கூடாது. மேலும் கீழும் பிணைந்து நிற்கும் காலைச் செதுக்கச் செதுக்கச் சுருதி இறங்கிக்கொண்டே வரும். தேவையான ஸ்வரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, பிறகு அரிசி அரிசியாகத் தேய்த்து இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு மயிரிழை தாண்டினால் ஒட்ட வைக்க வழியில்லை. வீணை வித்துவான் பிருடையைத் திருகிச் சரி செய்துகொள்ளலாம். இந்தச் சிற்பிக்குப் பிருடை இல்லை.

கோயில்களுக்கும் முந்தியது இந்த ரசனை. பல்லாரிக்கு அருகே குப்கல் என்ற ஊரின் குன்றில் கரும்பாறைகள் சில உண்டு. அவற்றின் மேல் வட்ட வட்டமாகக் குழிகள் விழுந்திருக்கின்றன. அந்தக் குழிகளில் சிறு கல்லால் அடித்தால் பாறை கணகணவென்கிறது. கற்கால மனிதர்கள் அடித்து அடித்து விழுந்த குழிகள் அவை என்று நிக்கோல் பாய்வின் என்ற ஆராய்ச்சியாளர் 2004-இல் எழுதினார். பாடும் அந்தக் குன்றை ஜல்லிக்காக உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அந்த ஆராய்ச்சியின்போதே வெளிவந்த செய்தி. ஆயிரக்கணக்கான வருஷங்கள் பேசிய கல், ரோடு போடுவதற்காக வாயடைத்துப் போகிறது!

இனி, நம் காலத்துக் கலைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியாத் தீவில் சான் ஸ்பெராத்தே என்று ஒரு கிராமம். அங்கே 1942-ஆம் ஆண்டு ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர் பினூச்சியோ ஷோலா. 1968-இல் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கச் செய்து, ஊராரைக் கொண்டே அவற்றில் சித்திரம் எழுதச் செய்தார். கிராமம் முழுவதும் சித்திரசாலையாகிவிட்டது. பிறகு மெக்ஸிகோவுக்குப் போய், சுவர்ச் சித்திரத்தில் உலகப் புகழ் பெற்ற ஸிக்கெய்ரோஸுடன் பழகினார். பிற்காலத்தில் கல்லின் பக்கம் திரும்பினார். கருங்கல்லிலும் சுண்ணாம்புக் கல்லிலும் சீப்பின் பற்களைப் போல் ஆழமாக வெட்டுகள் போட்டு, அவற்றைக் கையாலோ சிறு கல்லாலோ தடவினார். எரிமலைக் கல் மந்திர ஸ்தாயியில் முழங்கியது. சுண்ணாம்புக் கல் தண்ணீர் சலசலப்பதைப் போல் ஒலித்தது. அவருக்கு முன்பே ஜெர்மனியில் எல்மார் டௌகர் என்ற சிற்பியும் இவ்வழியில் முயன்றதுண்டு. ஷோலா செய்த பெரிய காரியம், தம் கற்களைத் தம் ஊரிலேயே ஒரு திறந்த வெளித் தோட்டத்தில் நட்டு வைத்ததுதான். 2016-இல் அவர் காலமானார். ‘ஒலித் தோட்டம்’ என்ற அந்த இடத்துக்கு இன்றும் தேசாந்தரங்களிலிருந்து ஜனங்கள் போகிறார்கள்; குழந்தைகள் கல்லைத் தொட்டுக் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு வித்து விழாமல் இல்லை. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ‘ஸ்வரம்’ என்ற இசைக் கருவிச் சாலை இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட அவுரேலியோ என்பவர் தொடங்கியது. சுற்றுக் கிராமங்களின் இளைஞர்களுக்குத் தொழில் கற்பித்து, மணிகளும், குழாய்களும், ஈரக் கையால் தடவினால் முனகும் கருங்கற்களும் அங்கே செய்கிறார்கள். திறந்த வெளியில் வைக்கத் தக்க பெரிய கருவிகளும் உண்டு. உளி பிடிக்கிறவர்கள் நம் பிள்ளைகள்தான் என்பதைக் கேட்கும்போது மகிழ்ச்சி ஏற்படுகிறது. அந்தக் கலைக்கு ஊக்கம் கொடுக்கக் கடல் கடந்து ஒருவர் வர வேண்டியிருந்ததை நினைக்கும்போது கொஞ்சம் வெட்கமும் ஏற்படுகிறது.

தாரமங்கலத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு கல் பட்டறையில் இறங்கினோம். சமையல் மேடைக்கென்று மெருகிட்டு அறுத்த பலகைகள் அடுக்கியிருந்தன. ஓரம் உடைந்ததால் கழித்துப் போட்ட பலகை ஒன்று, ஒரு மீட்டர் நீளம் இருக்கும். பட்டறைப் பெரியவரிடம் கேட்டோம். “எடுத்துக்குங்க வாத்தியாரய்யா, அது கிடந்து என்ன பண்ணப் போகுது?” என்றார். அங்கேயே இரண்டு வைக்கோல் பிரிகளை முறுக்கித் தரையில் போட்டு, பலகையை அவற்றின் மேல் கிடத்தி, மரச் சுத்தியால் தட்டச் சொன்னோம். பிரிகள் இரண்டு கோடியிலும் இருந்தபோது பலகை மொத்தென்றது. ஒவ்வொரு முனையிலிருந்தும் 22 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தோம். நடுவில் தட்டியதும் பலகை கணீரென்று கூவியது! அதிரும் பலகையில் அந்த இரண்டு இடங்கள் மட்டும் அசைவதில்லை. அங்கே தாங்கினால்தான் கல் வாய் திறக்கும். பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, தாமும் இரண்டு தட்டுத் தட்டினார்.

“நாப்பது வருசமா கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கறேனுங்க. இதைக் கேக்கறதுக்குன்னே தட்டினது இன்னிக்குத்தானுங்க” என்றார்.

பலகையைப் பையன்கள் மாறி மாறித் தூக்கி வந்தார்கள். இப்போது அது பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் இருக்கிறது.

இனி, நேயர்களின் யோசனைக்கு ஒரு விஷயம். பழைய இசைத் தூண்களைத் தட்டுவது இன்று தடுக்கப்பட்டிருக்கிறது. ஹம்பியில் தட்டக் கூடாது. தாராசுரத்துப் படிகளைச் சுற்றி இரும்புக் கம்பி அடைப்புப் போட்டிருக்கிறார்கள். இது அவசியமான காரியந்தான். வந்தவர்களெல்லாரும் நாணயத்தாலும் சாவியாலும் அடித்துப் பார்த்தால் எந்தக் கல் தாங்கும்? ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காட்சிக்கு வைத்த கல்லைத் தொடக் கூடாது. குன்றில் இருக்கும் கல்லை வெடி வைத்து உடைக்கிறார்கள். பட்டறையில் இருக்கும் கல் சமையல் மேடையாகிறது. அப்படியானால் நம் குழந்தைகள் கல் பாடுவதை எங்கே கேட்பார்கள்? கேட்டறியாத தலைமுறை, கல்பாக்கத்து விஞ்ஞானிகள் சொல்வதை நம்பும். ஆனால் இன்னொரு இசைத் தூணைச் செய்ய ஆசைப்படாது. தூணைக் காப்பாற்றிவிட்டுத் தொழிலைப் போக விட்டோமானால், பாட்டுப் புஸ்தகத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பாட்டை மறந்தவர்கள் ஆவோம்.

ஆகையால், பழையதைத் தொடாமல் காப்போம். தொட்டுக் கேட்கப் புதியதைச் செய்வோம். மேச்சேரியில் கல் இருக்கிறது. உளி பிடிக்கும் கைகள் இருக்கின்றன. ஊர்ப் பொது இடம் ஒன்றில், வீடுகளுக்குச் சற்றுத் தள்ளி, ஏழு கருங்கற்பலகைகளை ஏழு ஸ்வரத்துக்கு இழைத்து வைக்கலாம். தட்டுவதற்கு மரச் சுத்தி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். இதற்குக் கழித்துப் போட்ட கல்லே போதும். கணக்கை மாணவர்கள் போட்டுக் கொடுப்பார்கள். காதால் சரிபார்க்கக் கல் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஊரும் இப்படிச் செய்தால், ஊருக்கு ஒரு ராகம் என்று கூடச் சொல்லலாம். சந்தைக்கு வரும் ஆட்டு வியாபாரியும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகட்டுமே!

செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தாரமங்கலத்தில், சிங்கத்தின் வாய்க்குள் உருண்டையைக் குடைந்தவரின் பெயர் என்ன என்று கோயிலிலும் கடைத்தெருவிலும் நாலு பேரிடம் கேட்டோம். கட்டுவித்தவர்களின் பெயரை எல்லாரும் சொன்னார்கள். செதுக்கியவரின் பெயரைச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. சார்டீனியாத் தீவின் சிற்பியை அவருடைய பிறந்த வருஷத்தோடு நமக்குத் தெரிகிறது. நம் ஜில்லாவின் சிற்பியை நமக்குத் தெரியவில்லை. மேச்சேரியில் வைக்கும் கற்களின் அடியில், அவற்றை இழைத்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் தெளிவாகப் பொறித்து வைக்க வேண்டும்.